போங்யோவின் சி.ஆர்.பி. இறங்கிய கதை

போங்யோ என்ற பெயருக்கு, 'சரி, வளர்த்துத் தொலைப்போம்' என்று அர்த்தம். துங்ஷி கடற்கரையில் அந்தக் காலத்தில் நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அவள் சிப்பிக் கொட்டகையிலேயே கிழவியானாள். சிப்பியின் ஓட்டைக் கத்தியால் நெம்பிச் சதையை வழித்துப் போடுகிற வேலை. கையில் கீறல் இல்லாத நாளே கிடையாது. சர்க்கரை வியாதி வந்த பிறகு அந்தக் கீறல்கள் ஆறவும் மறந்துபோயின.

பக்கத்து முக்காலியில் அவள் மகள் சியூலியன். புருஷனை விட்டுவிட்டு வந்தவள், அம்மாவைத் தவிர நாதி இல்லாதவள்.

ஒரு கோடை மத்தியானம் போங்யோவுக்கு வியர்த்துக் கொட்டியது. குமட்டிக்கொண்டு வந்தது.

"நெஞ்சு வலிக்குதாம்மா?"

"அதெல்லாம் இல்லடி. வெயில் ஏறிருச்சு."

வெயில் ஏறினால் என்ன செய்வது என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். எதிர் முக்காலிக்காரி ஆகுய் பீங்கான் கரண்டியை எண்ணெயில் தொட்டு, போங்யோவின் முதுகை மேலிருந்து கீழாகச் சுரண்டினாள். தோல் பீட்ரூட் மாதிரி சிவந்தது.

"பாத்தியா, எவ்ளோ சூடு வெளிய வருது! உன் புருஷனைத் திட்டித் திட்டிச் சேர்த்து வச்ச சூடுடி இது."

போங்யோவும் சேர்ந்து சிரித்தாள். பொழுது சாய்ந்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. அப்புறம்தான் ஆம்புலன்ஸ்.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கோ அந்த முதுகைப் பார்த்தார், இ.சி.ஜி.யைப் பார்த்தார், பிறகு சியூலியனை முறைத்தார்.

"மாரடைப்பும்மா இது. மத்தியானமே வந்திருக்கு. சர்க்கரைக்காரங்களுக்கு நரம்பு மரத்துப்போயிருக்கும், வலிக்காமலே வரும். இத்தனை நேரம் முதுகைச் சுரண்டிக்கிட்டு இருந்தீங்களா?"

வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ரத்தத்துல சி.ஆர்.பி. ரொம்ப அதிகம். உடம்புக்குள்ள அழற்சி ஓயாம எரியுதுன்னு அர்த்தம். சர்க்கரையோட இதுவும் சேர்ந்தா அடுத்த அட்டாக்குக்கு ஆபத்து ஜாஸ்தி. இந்த எண் இறங்கணும்."

அதற்கு மாத்திரை, புண்ணுக்கு மருந்து, வாயில் ஆடுகிற பல்லுக்கு வைத்தியம் என்று என்னென்னவோ சொன்னார். அம்மாவும் மகளும் காதில் வாங்கியது ஒன்றைத்தான். எண் இறங்க வேண்டும். இல்லையென்றால் அம்மா போய்விடுவாள்.

கொட்டகையில் விடிந்ததிலிருந்து வானொலி ஓடும். பாட்டு கொஞ்சம், மருந்து வியாபாரம் மீதி. கிம்ஹாய் அண்ணன் என்று ஒருத்தன். சொந்தப் பிள்ளைகள் போன் பண்ணாத கிழவிகளிடம் தினமும், "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறவன். இந்தக் கேள்விக்கு ஏங்கித்தானே பாதித் துங்ஷி அவனுடைய மாத்திரையை விழுங்கியது! மூட்டு வலி, விரல் வலி, உள்ளே எரிகிற எரிச்சல், எல்லாவற்றுக்கும் ஒரே பொட்டலம். தபாலில் வந்து சேரும்.

போங்யோ அதை ஆஸ்பத்திரி மாத்திரையோடு சேர்த்துத் தின்றாள். விரல் வலி ஓடியே போனது. பசி வந்தது, முகம் உப்பி மினுமினுத்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. மளமளவென்று இறங்கியிருந்தது. டாக்டருக்கே ஒரு நிமிஷம் முகம் மலர்ந்தது. சர்க்கரை எகிறிக் கிடந்ததைப் பார்த்ததும் கடுகடுத்துவிட்டது.

"அன்னாசிப்பழமா? மில்க் டீயா? எதை மறைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

வேறு மருந்து தின்பதை டாக்டரிடம் யாராவது சொல்வார்களா? திட்டுவாரே. சியூலியனும் வாய் திறக்கவில்லை. எண் இறங்கிவிட்டதே, அது போதாதா அவளுக்கு!

மறுநாள் போங்யோ வானொலிக்கே போன் போட்டுப் பேசினாள். "கிம்ஹாய் அண்ணே, உள்ள எரிஞ்சதெல்லாம் அணைஞ்சிருச்சு. எண்ணு இறங்கிருச்சுன்னு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க. நீங்க நல்லா இருக்கணும்." கொட்டகையே கை தட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு நாலு பேர் கை தட்டினார்கள்.

குளிர்காலத்தில் இரண்டாவது அட்டாக் வந்தது. இந்த முறையும் வலிக்கவில்லை. சியூலியன் எழுப்பப் போனபோது மூச்சு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில், என்னென்ன தின்றாள் என்று கேட்டார்கள். அப்போதுதான் அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் கோ பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வருவதற்குள் போங்யோ போய்விட்டாள்.

"ஸ்டீராய்டு," என்றார். இந்தத் தடவை அவர் திட்டவில்லை. "எண்ணை இறக்கும், சர்க்கரையை ஏத்தும். நோய் உள்ள அப்படியேதான் இருந்திருக்கு. நானும் அந்த எண்ணைப் பாத்து ஏமாந்தேன்."

பாழாய்ப்போன எண். அதைப் பிடித்துக்கொண்டு அம்மாவை விட்டுவிட்டோமே என்றிருந்தது சியூலியனுக்கு.

காரியமெல்லாம் முடிந்து கொட்டகைக்குத் திரும்பிய அன்று வானொலியில் அம்மா பேசினாள். "கிம்ஹாய் அண்ணே, உள்ள எரிஞ்சதெல்லாம் அணைஞ்சிருச்சு..." பதிவு பண்ணி வைத்திருக்கிறான், படுபாவி. சியூலியன் கத்தியைப் போட்டுவிட்டு நிலையத்துக்குப் போன் அடித்தாள்.

"எங்கம்மா உன் மருந்தைத் தின்னுதான் செத்தா! அந்தக் குரலை நிறுத்துடா!"

"சாப்பிட்டியாம்மா?" என்றான் அவன், குரல் கொஞ்சமும் மாறாமல். "கேட்கவே சங்கடமா இருக்கும்மா. அக்கா குரலைக் கேட்டா நாலு பேருக்கு நம்பிக்கை வருது பாரு."

லைன் அறுந்தது. வானொலியை அணைத்துவிட்டு, அந்தப் பொட்டலத்தில் இருந்தது ஸ்டீராய்டு என்று அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி அழுதாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆகுய் வந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஆகுயின் விரல்கள் கணு கணுவாக வீங்கி மடக்க முடியாமல் இருந்தன.

"கடைசி மாசமெல்லாம் உங்கம்மா கை வலின்னு ஒரு வார்த்தை சொல்லலடி," என்றாள் மெதுவாக. "அந்தப் பொட்டலத்துல மிச்சம் ஏதாவது இருக்கா?"

"டாக்டர் எடுத்துக்கிட்டாரு."

"அடடா," என்றாள் ஆகுய். "வீணாப் போச்சே."