அப்பா எழுதி வைத்த விலை

அப்பாவின் இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களே, நண்பர்களே, அப்பாவின் பெருமையை மட்டும் எழுதினால் போதும் என்றார்கள் அம்மா. என் வெட்கக்கேட்டை எழுதாமல் என்னால் இதை முடிக்க இயலவில்லை.

அப்பா செட்டியார்பட்டியில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, ராஜபாளையத்துப் பஞ்சாலையில் சேர்ந்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றார்கள். பிறர் காசுக்கு ஆசைப்படாதவர்கள். ஓய்வுக்குப் பின், வீட்டில் நல்லது நடக்கும்போதெல்லாம் கொஞ்சம் பங்குகள் வாங்கினார்கள். பிற்பாடு அத்தனையையும் என் பெயருக்கே மாற்றிக் கொடுத்தார்கள்.

வீடு கட்டுவதற்காக அவற்றை விற்றேன். வரி கட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிட்டரிடம் போய், என் கைக்கு வந்த நாளின் விலையைச் சொன்னேன்.

"கிஃப்டா வந்ததுக்கு அது செல்லாது தம்பி. அப்பா எம்புட்டுக்கு வாங்குனாகளோ, அதுதான் உங்களுக்கும் விலை. அதுக்கு மேல உள்ளதெல்லாம் லாபம்" என்றார்.

அப்பாவுக்குப் பங்கு வாங்கிக் கொடுத்த தரகரோ கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். அப்பா பக்கவாதத்தில் பேச்சற்றுக் கிடந்தார்கள். கட்டிலருகே நின்று கத்தினேன்.

"எம்புட்டுக்கு வாங்குனீக? அதக்கூடவா எழுதி வைக்க மாட்டீக?"

அப்பா தலைமாட்டிலிருந்த வேதாகமத்தைக் காட்டினார்கள். வாசிக்கச் சொல்கிறார்கள் என்றெண்ணி, கடமைக்கு ஒரு சங்கீதம் வாசித்தேன். அப்பா கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். "செத்த நேரம் சும்மா இருங்கப்பா" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே போனேன். நான்காம் நாள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஊர் மெச்ச வேண்டுமென்று, அந்த வேதாகமத்தைப் பெட்டியில் அப்பாவின் நெஞ்சின்மேல் வைத்துப் புதைத்ததும் நான்தான்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை கேட்டாள்: "ஏண்ணே, வேதப்புத்தகத்துக் கடைசிப் பக்கத்துல அப்பா பங்கு விலையெல்லாம் எழுதிருந்தாகளே, நீ பாக்கலையா?"

பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் எழுதி வைக்கிற பக்கம் அது. தன் பிள்ளையின் ஞானஸ்நான நாளுக்காக அவள் முன்பே அதைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தாள். ஒவ்வொரு நல்ல நாளுக்கும் கீழே அன்று வாங்கிய பங்கும் விலையும் இருந்தன. அந்த நாள்களைக் கொண்டு வங்கி விவரம் எடுத்து, ஆடிட்டர் கணக்கை முடித்துக் கொடுத்தார்.

அவருக்கும், தங்கைக்கும், கல்லறை வரை தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாததால் உங்கள் முன் கேட்கிறேன். படத்தில் கடைசியாக, அப்பாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

"மகன் ஒருநாள் இதைக் கேட்பான். எனக்கு ஞாபகம் இருக்காது. அவனுக்குச் சட்டென்று கோபம் வரும். ஆகவே எழுதி வைக்கிறேன்."