பாலைக்கட்டையில் நின்ற எஞ்சின்

தெற்கில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்கு அடுத்த வருசம், மாங்குளத்தில் தொழிலுக்குக் காசு போட ஒருவர் வருகிறார் என்றதும் எங்கள் அரசாங்கக் காணிக் கந்தோரில் எவருக்கும் சந்தோசம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. முன்னர் ஒருவர் மர ஆலை போடுவதாகக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, அதில் நின்ற முதிரை, பாலை மரங்களைத் தறித்து ஏற்றிக்கொண்டு போனார். பிறகு ஆளைக் காணவில்லை. ஆகவே, தொழில் தொடங்க வருவோருக்குக் காணி கொடுக்கும்படி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, எங்கள் கந்தோர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"வரட்டும். ஆனா நீர் போய் வடிவாப் பாத்து எழுதும். திருப்பியும் ஏமாந்தமெண்டா என்ரை கதிரை போயிடும்."

நான் அப்போது காணிக் கிளாக்கர். இளந்தாரி. எல்லாரையும் கள்ளராகப் பார்ப்பதுதான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்த காலம்.

வந்தவர் நடராசா முதலாளி. தெற்கில் நெல்லுக் குத்தும் மில் வைத்திருந்து கலவரத்தில் இழந்தவர் என்று சொன்னார்கள். அவர் மில் போட்டால் எங்கள் பக்கத்தில் அரசாங்கக் காணி பெற்று வயல் செய்யும் குடியேற்றக்காரர் நெல்லை றெயிலில் வவுனியாவுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. தற்காலிக அனுமதியில் கொட்டில் போட்டு மில் எஞ்சினையும் இறக்கிவிட்டார். நீண்டகாலக் குத்தகை கிடைத்தால்தான் மில்லை ஓட்டுவார்.

போய்ப் பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் கொங்கிறீற் இல்லை. பெரிய பாலைக்கட்டைகள், அவற்றில் நீளமான போல்ட்டுகள். ஸ்பனர் இருந்தால் அரை நாளில் கழற்றிவிடலாம். சுவர் தகரம். காணியும் ஸ்டேசனுக்குக் கிட்ட. குத்தகை விதியோ நிரந்தரக் கட்டுமானம் வேண்டும் என்கிறது. ஆள் ஓடுவதற்கு ஆயத்தமாகவே வந்திருக்கிறார், எனக்கு வேறென்ன வேண்டும்? ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பி வந்து, "நிலைத்து நிற்கும் நோக்கம் இல்லை" என்று அறிக்கை எழுதினேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு கிழமை கழித்து முதலாளி கந்தோருக்கு வந்தார்.

"தம்பி, என்ன குறையெண்டு சொல்லும்."

"எஞ்சினுக்குக் கொங்கிறீற் போடேல்லை. நீங்கள் நிக்கப்போறியள் எண்டு நாங்கள் என்னெண்டு நம்பிறது?"

"அங்கை கொங்கிறீற்றிலதான் போட்டனான். எரிக்க வந்தாங்கள். கழற்ற ஏலாமல் விட்டிட்டு, மனிசியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்தனான். இனி எங்கை போட்டாலும் மரத்திலதான். இஞ்சை அப்பிடி நடவாதெண்டு நீர் எழுதித் தருவீரோ?"

என்னால் எழுதித் தர முடியாது. இதுவும் ஒரு கதையோ என்று அப்போதும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம். அறிக்கையைத் திருத்தி அனுப்பியிருக்கலாம். பெரியவருக்குப் பயந்து அனுப்பவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

குத்தகை மறுக்கப்பட்டது. முதலாளி எஞ்சினைக் கழற்றி றெயிலில் ஏற்றினார். காணியைத் திருப்பிப் பொறுப்பெடுக்க நானும் போயிருந்தேன். நெல்லு மூட்டையோடு ஸ்டேசனில் நின்ற குடியேற்றக்காரர் ஒருவர், "ஏன் ஐயா, இவரை மறிக்க ஏலாதோ?" என்று என்னிடம் கேட்டார்.

கந்தோரில் பெரியவர் சிரித்தார். "பாத்தீரோ? நாங்கள் நினைச்சமாதிரியே ஆள் ஓடிட்டான்."

இன்று இந்த வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். காசு போட வருகிறவரைச் சந்தேகியுங்கள், அது எங்கள் வேலை. ஆனால் அவர் எங்களைச் சந்தேகிக்க என்ன காரணம் என்று, அறிக்கை எழுதுமுன் அவரிடமே கேளுங்கள். நான் முதலில் கேட்காததாலும் கேட்ட பிறகு திருத்தாததாலும் அந்தச் சனம் இன்னும் மூன்று போகம் நெல்லை வவுனியாவுக்குச் சுமந்தது.