ஈர விரலும் ஒளித்த பொத்தானும்

வலது கை டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்து, படம் சேர்க்கும் பொத்தானை அழுத்தியது. செயலி மூடிக்கொண்டது. படுக்கவைத்து அழுத்தியது. அப்போதும் மூடிக்கொண்டது. இடது கை ஒவ்வொரு தடவைக்கும் தாளில் ஒரு கோடு இழுத்தது. பதினேழுக்குப் பதினேழு. இதைத்தான் செயலியை எழுதியவர்கள் ‘எப்போதாவது நிகழ்வது, பயன்படுத்துபவரின் தவறு’ என்று பதிந்திருந்தார்கள்.

அந்தக் கைகள் வெனிங்குடையவை. தெகால் ஊரில் இணையக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் திட்டிவிட்டுப் போன பிழைச் செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தே தொழில் கற்று, இப்போது இந்த அலுவலகத்தில் பிழை பார்ப்பவள். பட்டம் வாங்கியவர்கள் அவற்றைப் படிக்காமலே மூடுவதை இருபது வருடமாகப் பார்க்கிறாள்.

எதிரே ரத்மி உட்கார்ந்திருந்தாள். காப்பீட்டு நிறுவனத்துக்காக மீன்பிடிப் படகுகளைப் பார்வையிட்டு, உடைந்த இடங்களின் படங்களை அனுப்புபவள். அதே வேலை பார்க்கும் மற்ற மூவரிடமும் செல்போன். பார்வை மங்கியதால் அவளுக்கு மட்டும் டேப்லெட்.

“முதல்ல என் விரல் ஈரம்னாங்க. துடைச்சுத் துடைச்சு அமுக்கினேன். போன வாரம் பொத்தானே காணோம்னேன். கண்ணு போச்சுங்கறாங்க. திங்கக்கிழமையிலிருந்து படகுப் பக்கமே வர வேணாம்னு மேலதிகாரி சொல்லிட்டார்.”

பொத்தானை ஒளித்தவன் கிலாங், எழுதியவர்களின் தலைவன். டேப்லெட்டில் மட்டும் அது தெரியாதபடி செய்துவிட்டான். செயலி இப்படி மூடிக்கொண்டு விழுவது நின்றது. அதற்காக அலுவலகத்தில் தும்பெங் விருந்து வைத்தார்கள். மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் உச்சியை வெட்டி அவன் தட்டில்தான் போட்டார்கள். வெனிங் அன்று தொட்டுக்கொள்ள வைத்திருந்த டெம்பே என்ற சோயா வறுவலை மட்டும் தின்றாள். இன்று ஒளித்த பொத்தானைத் திரும்ப வரவழைத்துத்தான் அழுத்திப் பார்த்தாள்.

கிலாங் எட்டிப் பார்த்தான். “அதான் சரி பண்ணியாச்சே இபு,” என்றான், அம்மா என்கிற மரியாதையோடு.

“வாசலைச் செங்கல் வச்சு அடைச்சுட்டு, திருட்டு நின்னுடுச்சுன்னு சொல்றீங்க மாஸ்,” என்று வெனிங்கும் அண்ணன் முறை வைத்தே திருப்பினாள்.

“புகாரே வரலையே.”

“புகார் அனுப்புற பொத்தானையும் எடுத்திருக்கலாம். இன்னும் நிம்மதியா இருந்திருக்கும். டேப்லெட்ல ஒருதடவையாவது போட்டுப் பாத்தீங்களா?”

“எங்கிட்ட இல்லையே.”

“இருக்கிறவங்ககிட்ட கேக்க வாயும் இல்லையா?”

கிலாங் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான்.

காரணம் அற்பமானது. செல்போனில் படப் பட்டியல் திரையின் அடியிலிருந்து எழும். யாரும் இடம் சொல்ல வேண்டாம். டேப்லெட்டில் அது ஒரு சிறு பெட்டியாகப் பொத்தானின் பக்கத்தில் திறக்கும். எந்தப் பொத்தானின் பக்கத்தில் என்று நிரலில் சொல்லாவிட்டால் செயலி விழுந்துவிடும். சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத முடியாத கிலாங் குழுவின் ஆறு பேர் ஒரு பெண்ணின் கண்ணைக் குறை சொல்லியிருந்தார்கள்.

வெனிங் அந்த வரியை எழுதினாள். மறுபடி கோடுகள். நிமிர்த்தி, படுக்கவைத்து, பட்டியல் திறந்திருக்கும்போதே திருப்பி, பாதியில் ரத்து செய்து. விழவில்லை. கடைசியாகத் தேநீர்க் குவளையில் விரலை நனைத்து அழுத்தினாள். படங்கள் வரிசையாக வந்து நின்றன.

‘பயன்படுத்துபவரின் தவறு’ என்ற பதிவை அழித்து, ‘எழுதியவர்களின் தவறு, டேப்லெட்டில் சோதிக்கவில்லை’ என்று எழுதி, கிலாங்கின் பெயரையும் சேர்த்து அச்செடுத்தாள்.

“இதை உங்க மேலதிகாரி மேஜையில வைங்க.”

ரத்மி உள்ளங்கைகளைப் பாவாடையில் தேய்க்கப் போனாள்.

“துடைக்காதீங்க,” என்று வெனிங் தாளையும் டேப்லெட்டையும் நீட்டினாள்.