ருசி பார்க்க வந்தவர்

மேற்கு மாம்பலத்தில் நான் மளிகை வாங்கும் கடைக்கு தினமும் காலையில் ஒருவர் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த துணிப்பை, பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. மூட்டையிலிருந்து நாலு அரிசியை எடுத்துக் கடித்து, "புது அரிசி, குழைஞ்சிடும்" என்பார். உலர்ந்த திராட்சையை மென்றுவிட்டு, "புளிக்குதே" என்பார். பேரீச்சம்பழத்தை மட்டும் பிளந்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். எதையும் வாங்கமாட்டார். அந்தப் பை பிரிந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் கடைக்கார அண்ணாச்சி, சாமான் வாங்க நின்றிருந்த எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். குப்பையில் போட ஒதுக்கி வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு பேரீச்சையைப் பொறுக்கி அவரிடம் நீட்டினார்.

"சார், புதுச் சரக்கு. நீங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் விப்பேன்."

அவர் பிளந்தார். உள்ளே புழு நெளிந்தது. கடையே சிரித்தது, அப்பளம் வாங்க வந்த அம்மாள் உட்பட. அவர் முகம் மாறவில்லை. கட்டைவிரலால் புழுவைத் தட்டிவிட்டுப் பழத்தைத் தின்றார். கொட்டையைக்கூட நன்றாகச் சப்பிவிட்டுத்தான் துப்பினார்.

"நல்ல பழம் அண்ணாச்சி. நல்லா இல்லேன்னா புழுகூட சீண்டாது."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்றுவரை அப்படியே நினைத்துக்கொண்டிருப்பேன், அடுத்த நொடியே அவர் அந்தக் குப்பை டப்பாவைக் காட்டி, "இன்னொண்ணு குடுங்க, பாத்துச் சொல்றேன்" என்று கையை நீட்டாமல் இருந்திருந்தால்.