கிருஷ்ணவேணியின் ஏரித் தண்ணீர்

கூட்டேரிப்பட்டு முனையில் கிருஷ்ணவேணி இட்லிக் கடை வைத்திருந்தாள். இட்லிக்காக யாரும் அங்கே இறங்கியதில்லை. ஒரு லாரி டிரைவர் அந்த இட்லியை டயருக்கு முட்டுக் கொடுத்ததை நானே பார்த்தேன். எல்லோரும் இறங்கியது தண்ணீருக்காக. திண்டிவனம் பஸ்ஸும் விழுப்புரம் பஸ்ஸும் அவள் பானைக்கு எதிரே தாமாகவே நின்றுவிடும். பிரேக் பிடிக்க வேண்டியதில்லை.

தண்ணீரோ ஊர் ஏரியுடையது. கோடையில் வெறும் செம்மண் குழம்பு. திண்டிவனத்தில் பிறந்த கிருஷ்ணவேணி, அப்பாதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கொண்டுவந்த சீர் ஒரு மூட்டை தேத்தாங்கொட்டை. அதில் ஒன்றை எடுத்துப் பானையின் உட்சுவரில் நாலு சுற்று இழைப்பாள். இடித்த முருங்கை விதையில் ஒரு சிட்டிகை தூவுவாள். ஒரு கலக்கு. அப்புறம் ஒரு மணி நேரம் பானையை யாரும் தொடக் கூடாது. சேறெல்லாம் திரிதிரியாகக் கூடி அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் நீரில் முகம் பார்த்துக் கண்டக்டர்கள் மீசை ஒதுக்கினார்கள்.

1958 கோடையில் வந்தது வினை. பக்கத்துப் பயணிகள் பங்களாவில் ஒரு பூட்டிய கிணறு. அதற்குக் காவல்காரர் சுப்பராயலு. கிணற்று நீர் இறங்க இறங்க அவருடைய சந்தேகம் ஏறியது. சுகாதார இன்ஸ்பெக்டரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"ஏரித் தண்ணி இப்புடியா சார் இருக்கும்? என் கிணத்துல திருடிக்கினு வருது சார் இந்தப் பொம்பளை!"

"உன் கிணத்துல தவளை குடித்தனம் பண்ணிக்கினு கீது. அத்த எவன் திருடுவான்?" என்றாள் கிருஷ்ணவேணி.

இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். "ஏரித் தண்ணியை என் எதிர்லயே தெளிய வச்சுக் காட்டும்மா. தெளியலேன்னா இன்னிக்கே கடைக்குப் பூட்டு."

ஏரியிலிருந்து ஒரு பானை வந்தது. நாலு சுற்று இழைத்து, தூவி, கலக்கிவிட்டு, கிருஷ்ணவேணி உள்ளே சட்னி அரைக்கப் போனாள். இன்ஸ்பெக்டர் புளியமரத்தடியில் கண்ணை மூடினார். சுப்பராயலு பூட்டு எடுத்துவரப் பங்களாவுக்கு ஓடினார்.

அப்பாதுரைக்கு மனசு கேட்கவில்லை. கடை போய்விடுமே என்று இன்னும் பத்துச் சுற்று இழைத்தார். பூக்காரி காந்திமதி, 'அக்காவுக்கு நம்மால் ஆனது' என்று ஒரு பிடி முருங்கைப் பொடியைக் கொட்டினாள். விழுப்புரம் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து தன் பங்குக்கு இழைத்தார். மயிலம் போக இறங்கியிருந்த நான் மட்டும் சும்மா இருப்பேனா? எனக்கும் கை இருக்கிறதே.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பானையில் கேப்பைக் கூழ்! சுப்பராயலு பூட்டோடு தயாராக நின்றார்.

கிருஷ்ணவேணி விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "கொழகொழன்னு கீதே, யாருய்யா கை வச்சது?"

அப்பாதுரை பஸ்ஸைப் பார்த்தார். கண்டக்டர் காந்திமதியைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"குழம்புல உப்பு ஏறிப்போனா நான் இன்னாய்யா பண்ணுவேன்?" என்று புருஷனைக் கேட்டாள்.

"என்னைத் திட்டுவ."

"அப்புறம்?"

"தண்ணி ஊத்துவ."

"போ! ஜல்தியா இன்னும் மூணு குடம் மொண்டுக்கினு வா. நல்லா அடியைக் கலக்கிச் சேறா மொள்ளு!"

பானையிலிருந்ததைப் பெரிய அண்டாவில் கவிழ்த்து, அதன்மேல் மூன்று குடம் சேற்றையும் கொட்டிக் கலக்கினாள். இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "தெளிய வைக்கச் சொன்னா சேத்தைக் கொட்றியே!"

"கொட்டை மிச்சமாப் போயி வேலையில்லாம சுத்திக்கினு கீது சார். வேலை குடுக்கறேன்."

இந்தத் தடவை கையில் கரண்டியோடு அவளே காவல் நின்றாள். ஒருத்தரும் கிட்டே போகவில்லை. சேறு திரண்டது, இறங்கியது, படிந்தது. அண்டாவின் உட்சுவரில், படிந்த சேற்றுக்குச் சற்று மேலே இருந்த ஈய ஒட்டுகூடத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் மூன்று டம்ளர் குடித்தார். சுப்பராயலு பூட்டை மடியில் செருகிக்கொண்டு, போகும்போது இரண்டு தேத்தாங்கொட்டை கேட்டு வாங்கிப் போனார்.

தண்ணீருக்காகக் கடையைப் பூட்ட முடியவில்லை. கிளம்புமுன் இன்ஸ்பெக்டர் இரண்டு இட்லி சாப்பிட்டார். அதற்காகத் தாராளமாகப் பூட்டியிருக்கலாம். ஆனால் தாடை பூட்டிக்கொண்டதால் உத்தரவு சொல்ல அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.