அத்தானின் நெற்றி

ரயில் ஓட்டும்போது தொலைபேசியைத் தொடக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. அன்று காலை கடைசி நிலையமான வெஸ்ட்லியில் ரயிலை நிறுத்திவிட்டு, மறுமுனையில் இருக்கும் ஓட்டுநர் அறைக்கு மேடையில் நடந்தபோதுதான் அதை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. அக்கா ஒருமுறை அழைத்துவிட்டுப் பேசாமல் காத்திருக்கும் ரகம். அந்த வரிசையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"அத்தான் போயிட்டாரடா," என்றார் அக்கா. அழவில்லை. "நீ ஓடி வராதை. வேலையை முடிச்சிட்டு ஆறுதலா வா. இனி என்ன அவசரம்."

அத்தான் இருந்த பராமரிப்பு இல்லம் அந்த நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் எனக்குப் பதிலாக ஓட்ட வேண்டியவர் நகரின் நடுவில்தான் ஏறுவார் என்று கட்டுப்பாட்டு அறையில் சொன்னார்கள். ஆகவே அத்தான் கிடந்த இடத்திலிருந்து விலகிப் போகும் ரயிலை நானே ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் சனங்கள் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒஸ்லோத் தமிழர்களில் பந்தடி பார்த்த பழைய ஆட்களுக்கு அர்மாந்து குரூஸ் அவர்களை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஒரு போர்த்துக்கேயர். ஒரு காலத்தில் தன் நாட்டுக் கால்பந்தில் கோல்களை அடித்துக் குவித்த முன்கள வீரர். என் அக்கா ஜெசிந்தாவின் கணவர். ஆதலால் எனக்கு அத்தான். நாளடைவில் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்துப் பொடியங்கள் எல்லாருக்கும் அத்தான்.

அவர் பிறந்தது வடக்குப் போர்த்துக்கலில், கடலோரத்து மீன்பிடி ஊர் ஒன்றில். தகப்பனார் சாளை மீன் பிடிக்கும் படகில் வேலை செய்தவர். வலை காயப்போடும் கம்பத்தில் ஒரு பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, எம்பி எம்பித் தலையால் இடிப்பதுதான் சிறுவயதில் அவருக்குக் கிடைத்த பயிற்சி. எட்டத் தொடங்கியதும் கயிற்றைக் கொஞ்சம் மேலே ஏற்றுவார்களாம். அந்தக் காலத்துத் தோல்பந்து மழையில் ஊறினால் கல்தான். அதன் தையல் பட்டுக் கிழிந்த தழும்பு ஒன்று அவருடைய இடது புருவத்துக்கு மேலே இருந்தது. யாராவது கேட்டால் பெருமையோடு குனிந்து காட்டுவார்.

அவர் உயரமானவர் அல்லர். பிறகு தலையால் எப்படிக் கோல் அடித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு, அக்காவிடம் கற்ற எங்கள் தமிழிலேயே பதில் சொல்லுவார்: "நெட்டையன்கள் பந்து வருமட்டும் பாத்துக்கொண்டு நிப்பாங்கள், மச்சான். நான் அதுக்கு முதலே மேலை போய் நிப்பன். பந்து என்னட்டை வரும்."

வந்தது. இரண்டாம் பிரிவில் அதிக கோல் அடித்தவர் என்ற பெயரோடு முதல் பிரிவுக்குப் போனார். அங்கும் அடித்தார். காலால் அடித்ததைவிடத் தலையால் அடித்ததுதான் அதிகம். தலைநகரத்துப் பெரிய கழகம் ஒன்று அவரை எடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்த பருவத்தில் முழங்கால் திருகிப் போனது. அத்தோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது. பிறகு யாரோ ஒரு தரகர் அவரை நோர்வேயின் சிறு கழகம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். வந்திறங்கிய அன்று மைதானத்தை உறைபனி மூடியிருந்ததாம். "கோல் போஸ்ற் மட்டும் தெரிஞ்சுது, அது போதும் எண்டு நினைச்சன்," என்பார். அந்தக் காலோடும் இங்கே சில பருவங்கள் கோல் அடித்தார். மற்ற முழங்காலும் போனபின் ட்வெய்ட்டாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கட்டடம் பராமரிக்கும் வேலைக்கு, அதாவது இங்கே 'வக்மெஸ்தர்' என்று சொல்லும் வேலைக்குச் சேர்ந்தார்.

தேவாலயத்தில், ஞாயிறு பூசையில்தான் அக்காவைக் கண்டார். யாரோ "ஜெசிந்தா" என்று கூப்பிட, தங்கள் ஊர்ப் பெயர் இங்கே எப்படி என்று திரும்பிப் பார்த்தாராம். அது யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான பாஷையூரின் பெயர் என்று அக்கா அடித்துச் சொல்லிவிட்டார். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

அந்தக் கோடையில் நடந்ததை எங்கள் ஆட்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டி. தமிழர் மட்டும் விளையாடலாம் என்பது விதி. எங்கள் அணியில் ஆள் குறைய, தலைவர் யூஜின் அண்ணை, அக்காவைப் பார்க்க வந்து நின்ற அத்தானின் பெயரைக் கொடுத்துவிட்டார். மன்னார்க் கத்தோலிக்கரிடமும் வழங்கும் குரூஸ் என்ற பெயரையும் வெயிலில் கறுத்த முகத்தையும் பார்த்த ஏற்பாட்டுக்காரர்கள், மன்னார்ப் பொடியன் என்று தாங்களே முடிவுகட்டிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் வர்ணனை சொன்னவன் நான். ஒவ்வொரு கோலுக்கும் அடித்தவரின் ஊரைச் சொல்வது எங்கள் வழக்கம். அத்தான் தலையால் ஒன்று வைத்தார். "மன்னார் மண்ணின் மைந்தன் குரூஸ்!" என்று முழங்கினேன். இன்னொன்று வைத்தார். இன்னும் உரக்க முழங்கினேன்.

இடைவேளையில் உண்மையான மன்னார்க்காரர் ஒருவர் பாசத்தோடு வந்து, "தம்பி, மன்னாரிலை எவடம்?" என்று கேட்டார்.

அத்தானுக்கு அப்போது தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல். "ஓம்," என்றார்.

"எவடம் எண்டு கேட்டனான்."

"ஓம், ஓம்."

பிறகென்ன, பெரிய அமளி. கோல்களை அழிக்க வேண்டும் என்று ஒரு பக்கம், முடியாது என்று மறுபக்கம். கடைசியில் யூஜின் அண்ணை மேசையில் தட்டி, "அவர் பாஷையூர் மருமகன். மருமகனும் எங்கடை ஆள்தான்!" என்றார். குழுவில் இருந்த ஒருவர் நிதானமாக, "அப்பிடியெண்டால் கலியாணம் எப்ப?" என்று கேட்டார். ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்ற அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போனார். கோல்கள் செல்லும் என்று முடிவானது. அடுத்த வருஷம் கலியாணமும் நடந்தது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கு ஒருவர் என்று இருந்தார்கள். அத்தான் அடித்த கோல்களையெல்லாம் அக்கா நேரில் பார்த்தவரைப்போலச் சொல்லுவார். சாப்பாட்டு மேசையில் அத்தனை தடவை கேட்டிருக்கிறார்.

மறதி முதலில் பாடசாலையில்தான் தெரிந்தது. தான் பூட்டிய கதவை யார் பூட்டியது என்று தேடினார். பிறகு வீட்டுக்கு வரும் பாதை தவறியது. பிறகு கோல்கள் போகத் தொடங்கின. பாதியில் கதையை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்ப்பார், அக்கா மிச்சத்தைச் சொல்லி முடிப்பார். பந்தைத் தலையால் இடித்து இடித்து வந்த வினையா என்று வைத்தியரிடம் கேட்டோம். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அக்காவுக்கு அந்த 'இருக்கலாம்' போதும். அவர் வென்ற கிண்ணங்களையும் படங்களையும் அன்றே வீட்டு முன்னறை அலமாரியிலிருந்து எடுத்து, நிலவறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பின்னர் மொழிகள் போயின. முதலில் நோர்வேஜிய மொழி போனது, அதற்குப் பின்னால் தமிழும் போனது. தாய்மொழி ஒன்றுதான் அவரிடம் மிஞ்சியது, அது எங்களில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் கதைத்துச் சிரித்துச் சண்டைபிடித்த மனிதர், கட்டிலில் இருந்தபடி அக்காவிடம் எதையோ கெஞ்சிக் கேட்பார். அக்கா தண்ணீரைக் கொடுப்பார், போர்வையைக் கொடுப்பார், ஜன்னலைத் திறப்பார். அது அல்ல என்று தலையை ஆட்டுவார்.

"அவர் ஒருக்கா என்னை ஆரெண்டு சொன்னால் காணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்," என்றார் அக்கா. வயதுபோன காலத்தில், என் ரயிலிலேயே காதில் கருவியை மாட்டிக்கொண்டு போர்த்துக்கேய மொழி படித்தார். உதடு அசையப் படிப்பார், சனங்கள் பார்ப்பார்கள், கவலைப்படமாட்டார். ஒருநாள் துணிந்து, "நான் இங்கே உங்களோடு இருக்கிறேன்" என்று அந்த மொழியில் சொன்னார். அத்தான் முகம் மலர்ந்து நீளமாக ஏதோ பதில் சொன்னார். அக்காவுக்கு விளங்கவில்லை, ஆனாலும் தொலைபேசியில் பதிவுசெய்து, கோயிலுக்கு வரும், அதே மொழி பேசும் பிரேசில் நாட்டுப் பெண் ஒருவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாராம்: "மிக்க நன்றி, அம்மா. நீங்கள் சிரமப்பட வேண்டாம். என் மனைவி இப்போது வந்துவிடுவாள்."

அதன்பிறகு அக்கா படிப்பை விட்டுவிட்டார்.

பராமரிப்பு இல்லத்துக்கு அவரைக் கொண்டுபோன பிறகு, கழகத்துப் பழைய ஆட்கள் ஒரு கோடைப் பகலில் பார்க்க வந்தார்கள். முற்றத்துப் புல்லில் அவரை நிறுத்தி, பழக்கதோஷத்தில் யூஜின் அண்ணை ஒரு பந்தை மெல்ல உயர்த்திப் போட்டார். ஆளை அடையாளம் தெரியாத, கரண்டியைப் பிடிக்கத் தெரியாத அந்த மனிதர், கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைத் திறந்தபடி, நெற்றியின் நடுவால் பந்தை நேராக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சிலர் அழுதுவிட்டார்கள். இதோ, அத்தான் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கும் நெஞ்சு துள்ளியது.

அக்கா கோப்பியை வைத்துவிட்டு ஓடிவந்து பந்தைப் பறித்தார். "உங்களுக்கு விசரே? அந்தத் தலையிலை இன்னும் என்ன மிச்சமிருக்கெண்டு அடிக்கிறியள்?" என்று கத்தினார். எல்லாரும் கீழே பார்த்தார்கள். அத்தான் மட்டும் அடுத்த பந்துக்காக வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

அங்கே வேலை செய்த கலைவாணி என்ற தாதி மதுரைப் பக்கத்துப் பிள்ளை. "அம்மா, பந்து வேணாம். பலூன் வெச்சு ட்ரை பண்ணலாமா? அடியே படாது. அன்னிக்குத்தாம்மா சார் முகத்துல சிரிப்பையே பாத்தேன்," என்றார். 'சார்' என்று அவர் சொல்வதை அக்கா எப்போதும் பகிடி பண்ணுவார். அன்று பண்ணவில்லை.

பந்தை வாசற்படி ஏறவிடாத அக்கா, அதன்பிறகு தன் கைப்பையில் பலூன் கொண்டு திரிந்தார். கட்டிலருகே கதிரையைப் போட்டு, ஊதி, மெல்லத் தட்டிவிடுவார். அத்தான் நெற்றியால் திருப்பித் தருவார், சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு அக்கா மணிக்கணக்காய் இருந்தார். வீடு திரும்பும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அவருக்குப் பந்தைத் தெரியுதடா. எறியிற என்னைத்தான் தெரியேல்லை."

 

கடைசி வாரங்களில் பலூன் அவர் நெற்றியில் பட்டு, போர்வைமேல் விழுந்து கிடந்தது. அக்கா அதை எடுத்து மறுபடி தட்டிவிடவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தார்.

போன சனிக்கிழமை இறுதிப் பூசைக்குப் பழைய ஆட்கள் எல்லாரும் கழகச் சீருடை நிறத்துச் சால்வையோடு வந்திருந்தார்கள். யூஜின் அண்ணை எல்லாரும் கையொப்பமிட்ட பந்தொன்றைப் பெட்டிக்குள் தலைமாட்டில் வைக்கக் கொண்டுவந்தார்.  அக்கா அதைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"பந்து வேண்டாம், அண்ணை," என்றார். "இனியாவது அவரின்ரை தலையை விடுங்கோ."

அவர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவராகப் போய் நெற்றியில் முத்தமிட்டோம். அத்தான், அத்தனை கோலுக்கும் ஊர் சொல்லிக் கூவிய எனக்கு அங்கே குரல் எழும்பவில்லை. மன்னாரும் அல்ல, பாஷையூரும் அல்ல, இனி எந்த ஊரைச் சொல்லி உங்களை அனுப்புவேன்? போய் வாருங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

கடைசியாக அக்கா போனார். முத்தமிடவில்லை. இடது புருவத்துத் தழும்பை மூடி, உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்தார். மூடியைப் பிடித்தபடி ஆட்கள் காத்து நின்றார்கள். பாதிரியார் மெல்லச் செருமினார். அக்கா கையை எடுக்கவில்லை.

"ஜெசிந்தா வந்திருக்கிறன்," என்றார்.