மூடிய பிறகும் மினுங்கிய பென்டிரைவ்

உருத்திரபுரத்திலிருந்து வேலையாக வவுனியாவுக்குப் போகும்போது நான் மடிக்கணினி கொண்டுபோவதில்லை. சோதனைச் சாவடியில் அதைத் திறந்து காட்டி மாளாது. மின்னஞ்சல் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டுவைத்து, இன்டர்நெட் கடையில் அதிலிருந்தே இயக்குவேன். கடைக் கணினியில் என் தடயம் எதுவும் தங்காது என்று நம்பியிருந்தேன். அயலிலுள்ள அம்மாமார் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு என்னைக் கொண்டு எழுதுவிக்கும் கடிதங்களும் விலாசங்களும் அதற்குள்தான் இருந்தன.

ஒருநாள் கடிதங்களை அனுப்பி, மென்பொருளை மூடிய பிறகும் பென்டிரைவின் விளக்கு விடாமல் மினுங்கியது. சந்தேகப்பட்டுக் கணினிக்குள் தேடினேன். ஒரு கோப்புறையில் பலருடைய கோப்புகள் கிடந்தன. என்னுடையவையும் ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பென்டிரைவுகளில இருந்து பாட்டுச் சேக்கிறதுக்கு ஒரு புரோகிராம் போட்டு வச்சது, தங்கச்சி. உங்கட கடிதம் ஆருக்கு வேணும்?"

"இதுக்குள்ள ஒரு பாட்டும் இல்லையே, அண்ணை."

அவர் சிரித்தார். அவருக்கு முன்னாலேயே என் கோப்புகளை அழித்துவிட்டு வந்தேன்.

ஊரில் அம்மாமாரிடம் நடந்ததைச் சொன்னேன். "அழிச்சிட்டீர் எண்டால் சரி, பிள்ளை. முந்தியும் அந்தக் கடைக்குத்தானே போனனீர்?" என்று ஓர் அம்மா கேட்டார்.

முந்தி அங்கே எத்தனை தடவை போனேன் என்று எண்ணிப் பார்த்தேன். இப்போது அன்றைக்கு அனுப்பும் கடிதத்தை மட்டுமே கொண்டுபோகிறேன். வேலை முடிந்ததும் கணினியைத் தேடிப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை. அந்த அம்மா இன்னும் என்னிடம்தான் கடிதம் எழுதுவிக்கிறார். மகன் இருக்கும் ஊரின் பெயரை மட்டும் எழுதவிடுவதில்லை.